தலைதட்டிய பாட்டு

எனக்கு இரைச்சல் ஆகாது. ஒலிப்பதிவுத் தொழில் செய்கிறவன் இப்படிச் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். தஞ்சாவூரில் கீழவாசல் பக்கம், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் சின்ன அறை ஒன்றை வைத்துக்கொண்டு, இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் கச்சேரி, கல்யாணம், கோயில் திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் மைக்கைத் தூக்கிக்கொண்டு போகிறேன். இத்தனை வருஷத்தில் நான் அதிகம் சொன்ன சொல் “கொறைங்க” என்பதாகத்தான் இருக்கும். சொன்னால் யாரும் குறைப்பதில்லை. அப்புறம் நான் குரலை ஏற்றுவேன். அவர்களும் ஏற்றுவார்கள். “சத்தத்தைக் கொறைக்கச் சொல்லி இவரு போடுற சத்தம்தான் ஊருக்கே கேக்குது” என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதை மறைத்து எழுதிப் பிரயோசனம் இல்லை. இங்கே சொல்லப்போகிற காரியம் கெட்டதே அதனால்தான்.

அந்த ஊர் ஒரத்தநாட்டுக்கும் மன்னார்குடிக்கும் நடுவே இருக்கிறது. வைகாசியில் மாரியம்மனுக்குத் திருவிழா. அதில் பாடுவதற்கு அந்த ஊர்ப் பெண் ஒருத்தியையே ஏற்பாடு செய்திருந்தார்கள். முப்பத்தெட்டு வயது இருக்கும். அவளுடைய அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாக நாளைத் தள்ளியவர்கள். இவள் தமிழ் எம்.ஏ. படித்துவிட்டுத் தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் பாடம் நடத்துகிறாள். பகலெல்லாம் அறுபது பிள்ளைகளுக்கு நடுவே கத்துவாள். திருவிழாக் காலத்தில் நாட்டுப்புறப் பாட்டுப் பாட ஊர் ஊராகப் போவாள். நான் அவள் பாடிக் கேட்டிருக்கிறேனே தவிர, பதிவு செய்ததில்லை. கீழே இருந்து மெதுவாக எடுத்து, மேலே கொண்டுபோய் நிறுத்துவாள். அந்த இடத்தில் வெற்றிலை மெல்லுகிறவர்கள்கூட மெல்லுவதை நிறுத்திவிடுவார்கள்.

எங்கள் பக்கத்து ஊர்களில் அம்மன் திருவிழாவில் பாடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாமி புறப்பட்டு வந்து மேடைக்கு முன்னால் நிற்கிறவரைக்கும் யாரும் வாயை முழுசாகத் திறக்கமாட்டார்கள். முதல் குரல் அம்மனுக்குத்தான் போக வேண்டும். அதனால் மைக் சரிபார்க்கிறபோது முணுமுணுவென்று இரண்டு வரி சொல்வார்கள், அவ்வளவுதான். தவில்காரர்கூட விரல் நுனியால் தட்டிக் காட்டுவதோடு சரி. வெளியூரிலிருந்து புதிதாக வருகிற பதிவுக்காரர்கள் அந்த முணுமுணுப்புக்குத் தகுந்தபடி ரெக்கார்டரின் சத்த அளவுக் குமிழைத் திருகி வைத்துவிட்டு, முழுக் குரல் எழும்பியதும் ஏமாந்துபோவார்கள். நான் அப்படி ஏமாறுகிற ஆள் இல்லை. முணுமுணுப்பு விழுவதற்காகக் குமிழை முதலில் நன்றாக ஏற்றி, ஒயர் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். அம்மன் தெருமுனை திரும்பியதும் பாதிக்கும் கீழே இறக்கிவிடுவேன். பல் துலக்குகிற மாதிரி பழகிப்போன காரியம் இது.

அன்றைக்கு நான் இறக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரம். மேடைக்கு எதிரே மைக் ஸ்டாண்டை நிறுத்தி, ரெக்கார்டரை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், பக்கத்துத் தென்னை மரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறது. அதன் வாய் நேராக என் மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. அதற்குள் அம்மன் தெருமுனைக்கே வந்துவிட்டாள். ஒரு விநாடி குனிந்து குமிழைத் திருகியிருந்தால் போதும். நானோ சவுண்ட் செட்காரரைத் தேடி ஓடினேன்.

அவர் கொட்டகை ஓரத்தில் மைக் சத்தங்களைச் சேர்க்கிற மிக்சர் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றார். மன்னார்குடிப் பக்கத்து ஆள், என் வயதுதான் இருக்கும். அங்கங்கே விசேஷங்களில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை.

“ஏய்யா, அந்தக் குழாயை மைக்கைப் பாக்கக் கட்டச் சொன்னது யாரு? மொதல்ல கொறைய்யா” என்றேன்.

“கமிட்டியில சொல்லியிருக்காங்க சார். ஆத்துக்கு அந்தாண்ட ஊருக்குக் கேக்கணுமாம். போன மாசம் அவங்க திருவிழாவுல இவங்க யாருமே தூங்கலையாம்.”

“அதுக்கு என் பதிவைக் கெடுப்பியா? மண்டையில ஏதாச்சும் இருக்கா உனக்கு?”

“சாமி வந்துடுச்சு சார். இப்பப் பேசாதீங்க.”

என்னையா பேசாதே என்கிறாய் என்று நான் ஆரம்பித்தேன். அதே சமயத்தில் அந்தப் பெண்ணும் பாட ஆரம்பித்தாள். நான் நிறுத்தவில்லை. அவர் என் பக்கம் திரும்பாமல் அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அம்மன் முன்னால் பாடுகிற முதல் பாட்டு இருபது நிமிஷம் ஓடும். அவள் தனியாகப் பாடுவது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு வருவதெல்லாம் நாலைந்து பேர் சேர்ந்து பாடுகிற பாட்டுகள். அந்த முதல் பாட்டு முடியப்போகிற நேரத்தில்தான் நான் கத்தி ஓய்ந்து திரும்பி வந்தேன். ரெக்கார்டரில், சத்தம் அளவு மீறுவதைக் காட்டுகிற சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

குமிழை இறக்கினேன். யார் தலையில் பழியைப் போடுவது என்று என் மனசு அதற்குள்ளாகவே முடிவு செய்திருந்தது. எல்லாம் முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் முன்னிலையில் சொன்னேன். “மொதப் பாட்டு சரியா வராது. ஸ்பீக்கரே கிழியுது. அதுலேர்ந்து வர்றதைத்தானே நான் புடிக்க முடியும்?” சவுண்ட் செட்காரர், “நான் மிக்சர்ல கம்மியாத்தான் வச்சிருந்தேன்” என்று ஏதோ சொல்ல வந்தார். நான் அவரைப் பேசவே விடவில்லை. மறுநாள் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் அந்தப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆடி பாதியில், வாய்க்காலில் தண்ணீர் ஓடிக் குறுவை வயலெல்லாம் பச்சை பிடித்துவிட்ட சமயத்தில், அவள் என் மாடிப்படி ஏறி வந்தாள்.

“வாம்மா. என்ன விஷயம்?” என்றேன். தலையை ஆட்டினாள். “உக்காரு, சொல்லு.” சிரித்தாள். பையில் கையை விட்டு எதையோ தேடினாள். நான் வேறொரு வேலையின் நடுவில் இருந்தேன். “என்னம்மா, வாயில கொழுக்கட்டையா?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் தேடி எடுத்தது கைபேசியை. அதில் தட்டி என் முன்னால் நீட்டினாள். “தொண்டையில ஆபரேஷன் ஆயிருக்குண்ணே. ஒரு மாசத்துக்கு வாயைத் திறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வேலையை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அவள் நான் கேட்டதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மளமளவென்று தட்டித் தட்டிக் காட்டினாள். குரல் நரம்பில் சின்னதாக ஒரு முடிச்சு இருந்திருக்கிறது. எடுத்துவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை. பழைய குரல் அப்படியே வருமா என்று கேட்டதற்கு டாக்டர் வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்றாராம்.

அவள் வந்த காரியம் வேறு. ஒரு கல்லூரியில் நாட்டுப்புறப் பாட்டு சொல்லித்தர ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பத்தோடு, மேடையில் தனியாகப் பாடிய முழுப் பாட்டு ஒன்றின் பதிவை அனுப்ப வேண்டும். ஸ்டுடியோவில் பாடியது ஆகாது. அவளிடம் இருந்ததெல்லாம் யார் யாரோ கைபேசியில் பிடித்த துண்டு துணுக்குகள். முழுப் பாட்டு என்று இருந்தது என் பதிவு ஒன்றுதான். அனுப்ப இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. தேர்வானால் நேரில் பாடச் சொல்வது கார்த்திகையில்தான். அதற்குள் குரல் வந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. கடைசியாக ஒன்று தட்டினாள். “பள்ளிக்கூடத்துல இனிமே கத்த முடியாதுண்ணே. கத்தாம பாடுற வேலை எனக்கு இது ஒண்ணுதான் வந்திருக்கு. உங்க பதிவு கிழிஞ்சு கேக்குது. சரி பண்ண முடியுமா?”

ஃபைலைத் திறந்து ஹெட்போனை மாட்டினேன். அம்மன் வந்து நின்று, அவள் வாய் திறந்த நொடியிலிருந்து கரகரவென்று கிழிசல். தவிலில் விழுகிற ஒவ்வொரு அடியும் பொரிந்தது. அவள் மேலே போகிற இடத்தில் குரல் எது, இரைச்சல் எது என்று பிரிக்கவே முடியவில்லை.

இது என்னவென்று தெரியாதவர்கள் நெல் அளக்கிற மரக்காலை நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்புக்கு மேலே குவிந்து நிற்கிற நெல்லை வழித்துத் தள்ளித் தலைதட்டி அளப்பார்கள். ரெக்கார்டருக்கும் அப்படி ஒரு விளிம்பு இருக்கிறது. சத்தம் அதற்கு மேலே போனால் தலைதட்டிவிடும். மரக்காலில் வழித்த நெல்லாவது தரையில் கிடக்கும், அள்ளிக்கொள்ளலாம். இதில் போனது போனதுதான். மேலே நின்றது ஒரு விரற்கடையா, ஒரு முழமா என்று சொல்ல ஒரு சாட்சியும் இருக்காது.

ஸ்பீக்கர் கிழிந்து வருகிற சத்தம் கம்ப்யூட்டர் திரையில் ஏற்ற இறக்கமாகத் தெரியும். இது எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில், ஸ்கேல் வைத்து வெட்டிய மாதிரி இருந்தது. அப்படி வெட்டக்கூடியது என் ரெக்கார்டர் மட்டும்தான். போதாக்குறைக்குப் பாட்டுக்கு அடியில், தூரத்தில், ஒருவன் விடாமல் கத்திக்கொண்டிருந்தான். ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன். “கொறைய்யா” என்றான். நான்தான் அது.

எதிரே உட்கார்ந்திருந்தவள், “என்னாச்சுண்ணே?” என்று எழுதிக் காட்டினாள்.

“ஒண்ணுமில்லம்மா. எல்லாம் அந்த சவுண்ட் செட் ஆளு பண்ணின வேலை. பாத்துக்கலாம், நீ போ” என்றேன். இதை எழுதுகிறபோதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாலு நாள் அந்தப் பாட்டோடு மல்லுக்கட்டினேன். தலைதட்டிய சத்தத்தைச் சரிசெய்ய இப்போது மென்பொருள் வந்திருக்கிறது. தலைதட்டிய இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள சரிவைப் பார்த்து, மேலே இவ்வளவு குவிந்திருக்கும் என்று அதுவே ஊகித்துப் போட்டு நிரப்பும். கொஞ்சம்போலத் தட்டியிருந்தால் அருமையாக வரும். இதில் இருபது நிமிஷமும் தட்டியிருந்தது. துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் அளவை மாற்றி மாற்றி ஓட்டினேன். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், முதல் வேலையாக, எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டி நான் அழித்தது என் கத்தலைத்தான்.

அதை அழித்துக்கொண்டிருந்தபோது மனைவி சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. நின்று கேட்டாள்.

“இது யாரு, உங்க குரல் மாதிரி இருக்கு?”

“ம்.”

“அப்ப அந்த மனுஷன் மேல பழியப் போட்டீங்களே, அது என்னாச்சு?” நான் பாட்டை நிறுத்தினேன். கூடையை வைத்துவிட்டு, “தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க. உங்களுக்குத் தெரியுது, அதான் அழிக்கிறீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் அந்தப் பெண் வந்தாள். போட்டுக் காட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது. கிழிசல் போய்விட்டது, குரல் எழும்பி நின்றது, மேலே போகிற இடத்தில் கோடு கிழித்தாற்போல நேராக ஏறியது. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் கைபேசியை எடுத்துத் தட்டினாள். “நல்லாருக்குண்ணே. ஆனா இது நான் பாடினது இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. “நீ பாடாம வேற யாரும்மா பாடினது? நாலு நாளா ராப்பகல் பாக்காம உக்காந்திருக்கேன்.”

“மேல நிக்கிற எடத்துல எனக்கு அன்னிக்குத் தொண்டை வழுக்குச்சு. இதுல வழுக்கவே இல்லையே.”

“அதைக் கம்ப்யூட்டர் சரி பண்ணிக் குடுத்திருக்கு. நல்லதுதானே? யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுமே.” அதைக் காட்டிவிட்டு மறுபடியும் தட்டினாள். “கார்த்திகையில நேர்ல பாடச் சொன்னா, அந்த எடத்துக்கு நான் யாரைக் கூட்டிட்டுப் போவேன்?”

கோபம் வரவேண்டிய இடம், வரவில்லை. அவள் இன்னொன்றும் கேட்டாள். “சவுண்ட் செட் அண்ணன்கிட்ட ஏதும் பதிவு இருக்குமா?”

இதற்கு மேல் மூடி மறைக்க முடியாது என்று தோன்றியது. “தப்பு அவரு மேல இல்லம்மா” என்றேன். “நான்தான் குமிழை எறக்காம சண்டைக்குப் போயிட்டேன்.”

அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள். “தெரியும்ணே. நீங்க கத்தினது எனக்கு மேடையிலயே கேட்டுச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?”

“எனக்குத்தான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே.”

அந்தப் பெண்ணின் எதிரில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் இறங்கியது. ஆனால் இனிமேல் செய்யவேண்டியது ஒன்று இருந்தது. ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போட்டுவிடுவேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை.

மறுநாள் மன்னார்குடிக்குப் பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனதில், ஊருக்கு வெளியே ஒரு காதுகுத்து வீட்டில் அவர் இருந்தார். பந்தலுக்கு வெளியே மூங்கில் கம்பத்தில் ஏணியைச் சாய்த்து, உச்சியில் நின்று குழாய் கட்டிக்கொண்டிருந்தார். கீழே ஜெனரேட்டர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“ஏணியக் கொஞ்சம் புடிங்க சார், ஆடுது” என்றார் மேலே இருந்து.

பிடித்தேன். பிடித்துக்கொண்டே, “அன்னிக்கு நான் பேசினது தப்புங்க” என்றேன்.

“என்ன சார்?”

“தப்புங்க. நான் பேசினது.”

“கேக்கல சார். ஜெனரேட்டர் ஓடுதுல்ல. சத்தமாச் சொல்லுங்க.”

இருபத்தைந்து வருஷமாக ஊரைக் குறைக்கச் சொல்லிவந்தவன், காதுகுத்துக்கு வந்த மாமன் மச்சான் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினேன். “அன்னிக்குத் தப்பு என் மேலதாங்க. என் ரெக்கார்டரை நான் கவனிக்கல. உங்க மேல அநியாயமாப் பழியப் போட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க.”

ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், “யாருய்யா அது, சம்பந்தி வீடா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. சவுண்ட் செட்காரர் நிதானமாகக் கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கி வந்தார்.

“மொதத் தடவையே கேட்டுடுச்சு சார்” என்றார். “கமிட்டிக்காரங்க முன்னாடி சொன்னீங்கல்ல. அதான் நாலு பேரு முன்னாடி கேட்டுக்கலாம்னு.”

எனக்கு அதற்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நியாயம் அவர் பக்கம் இருந்ததால் வரவில்லை. “சரிதாங்க” என்றேன். டீ வரவழைத்தார். “குழாயை உங்க மைக்கைப் பாக்கக் கட்டினது என் தப்புதான் சார். நீங்க கத்தாம சொல்லியிருந்தா அப்பவே திருப்பியிருப்பேன்” என்றார். அப்புறம் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். பாடின பெண்ணுக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்றதும் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் மிக்சரிலேயே ஒரு பென் டிரைவைச் செருகிப் பதிவு செய்து வைப்பாராம். “சத்தம் வரலைன்னு அப்பறம் கமிட்டியில தகராறு பண்ணுவாங்க சார். அதுக்கு அத்தாட்சி. எடம் பத்தாதுன்னு மாசத்துக்கு ஒரு தடவை அழிச்சிடுவேன்.” போயிற்று என்று நினைத்தேன். திருவிழா முடிந்து இரண்டு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் மினி லாரியின் பக்கம் போனார். வண்டியின் பாட்டுப் பெட்டியில் செருகியிருந்த பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“அந்த ஒரு பாட்டை மட்டும் அழிக்கல சார். அம்மன் நேரா வந்து நின்னப்பப் பாடினதுல்ல. வண்டியில போறப்ப வர்றப்ப போட்டுக் கேப்பேன்.”

அவர் மிக்சரில் எப்போதும் கம்மியாகத்தான் வைப்பார்; ஏற்றுவதெல்லாம் ஆம்ப்ளிஃபயரில்தான். அதனால் ஸ்பீக்கரில் எவ்வளவு கிழிந்தாலும் பென் டிரைவில் போய் உட்கார்ந்தது சுத்தமாக இருந்தது. இதைத்தான் அவர் திருவிழாவன்றே சொல்ல வந்திருக்கிறார்.

அந்தப் பெண்ணை வரவழைத்து, அவள் வந்த பிறகுதான் அதைப் போட்டேன். என் மனைவியும் வந்து உட்கார்ந்துகொண்டாள். கூட்டத்தின் சத்தம் அதிகம் இல்லை. அவள் குரலும் தவிலும் பம்பையும் தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி வந்தன. பதினாலாவது நிமிஷம். கீழே இருந்து எடுக்கிறாள், ஏறுகிறாள், மேலே போய் நிற்க வேண்டிய இடத்தில் குரல் பிசிறடித்து அப்படியே அறுந்துபோகிறது. தவில்காரர் ஒன்றும் நடக்காதது மாதிரி அடித்துக்கொண்டே போகிறார். ஒரு மூச்சு நேரம் குரலே இல்லை. பிறகு அவள் பதறாமல் அடியில் இறங்கி, அதே வரியைக் கீழே இருந்து மறுபடியும் எடுத்து, ஒவ்வொரு படியாகக் காலை ஊன்றி ஏறி, அதே இடத்தில் போய் நின்றாள். இந்தத் தடவை அசையவில்லை. எவ்வளவு நேரம் நின்றாள் என்றால், என் மனைவி தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என் பதிவில் இது முழுவதும் ஒரே இரைச்சலாகக் கிடந்தது. மென்பொருள் அதை ஒரே ஏற்றமாக ஊகித்து, விழுந்ததையும் எழுந்ததையும் சேர்த்து மெழுகிவிட்டது. இது நடந்தபோது நான் அங்கேதான் இருந்தேன், இருபதடி தூரத்தில். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் கத்திக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று பயந்தேன். கையை எடுத்தபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். “இதான். இதை அனுப்புங்கண்ணே.”

“பிசிறு நல்லாத் தெரியுதேம்மா” என்றேன். “அந்த ஒரு மூச்சு நேரத்தை மட்டும் வெட்டிட்டு ஒட்டிக் குடுத்துடட்டா? ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாது.”

அவள் எழுதுவதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். “நாலு நாளா அழிச்சது போதாதா? கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க.”

அந்தப் பெண் தட்டியது இது. “வெட்டாதீங்க. அம்மன் முன்னாடி நான் விழுந்து எந்திரிச்சது அது. பிள்ளைங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதும் அதுதானே.”

அப்படியே அனுப்பினோம். பின்னால் ஒரு மெல்லிய உறுமல் இருந்தது, ஜெனரேட்டருடையது. அதைக்கூட அவளைக் கேட்டுக்கொண்டுதான் குறைத்தேன். பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, என்னிடம் ஒரு பிரதி இருக்கட்டும் என்றதற்கு சவுண்ட் செட்காரர், “வச்சுக்குங்க. ஆனா கொஞ்சம் சத்தமா வச்சுக் கேளுங்க சார், அப்பத்தான் நல்லாருக்கும்” என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாசம் ஒரு தகவலும் இல்லை. அவளுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டதில், பேச அனுமதிப்பதை டாக்டர் இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போட்டிருக்கிறார் என்று பதில் வந்தது. கல்லூரியைப் பற்றி அவள் ஒன்றும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பிசிறு உள்ள பதிவை அனுப்பச் சம்மதித்தது தப்போ என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அந்த வேலை அவளுக்குக் கிடைக்காமல்போய்விடுமே என்பதோடு, குரலும் வராமல்போனால் அந்தப் பென் டிரைவில் இருப்பது மட்டும்தானே மிச்சம் என்று நினைத்து மனசு கனத்தது. மனைவியிடம் சொன்னபோது, “நல்லதையே நினைங்க” என்று மட்டும் சொன்னாள்.

ஆவணி கடைசியில் ஒருநாள் காலை பத்து மணிக்கு அவள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. செய்தி இல்லை, அழைப்பு. எடுத்தேன். முதலில் மூச்சுதான் கேட்டது.

“அண்ணே” என்றாள். குரல் மெல்லிசாக, காற்று கலந்து வந்தது. ஆனாலும் அவளுடைய குரல். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“சொல்லும்மா.”

“கார்த்திகையில நேர்ல வந்து பாடச் சொல்லிக் கடுதாசி வந்திருக்கு.”

“அந்தப் பிசிறைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்காங்களா?”

“எறங்கி மறுபடி எடுத்தேன்ல, அந்த எடத்தை நேர்லயும் பாடிக் காட்டணுமாம்.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். “நான் வச்சிடுறேண்ணே. ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷந்தான் பேசலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. சவுண்ட் செட் அண்ணனுக்கு ஒரு நிமிஷம் ஆச்சு, உங்களுக்கு ஒரு நிமிஷம்.”

“மிச்சம் மூணு நிமிஷம் இருக்கே, பேசும்மா” என்றேன். விட மனசில்லை எனக்கு.

“அது எனக்கு வேணும்ணே” என்றாள். “கீழ இருந்து மெதுவா முனகிப் பாக்கலாம்னுட்டாரு.” என் பதிலுக்குக்கூடக் காத்திராமல் வைத்துவிட்டாள்.